சொல்லிட்டுப் போ

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வெயில் கண்ணைக் குத்தியது. 2005, மே மாதம். சுனாமி வந்து ஐந்து மாதம் ஆகியும் என் அக்கா பாஞ்சாலை உப்பளத்தை ஒட்டிய தகர ஷெட்டில்தான் இருந்தாள். மீன் குழம்புக்கு மாங்காய் வாங்கிக்கொண்டு, அவளை எப்படியெல்லாம் திட்டலாம் என்று யோசித்தபடியே நடந்தேன்.

அவள் மேல் எனக்குக் கோபம். மாமா முருகையனைக் கடல் கொண்டுபோய்விட்டது, உடல் கிடைக்கவில்லை. அன்று கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தவர், தண்ணீர் வந்தபோது ஓடாமல் கட்டிப்போட்டிருந்த நாயை அவிழ்க்கப் போனார். "செவல! செவல!" என்று நாயின் பேரைச் சொல்லி அவர் கத்தியதைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் நாய் மட்டும் உப்பளத்து வரப்பில் நின்றிருந்தது.

அக்கா தாலியைக் கழற்றவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்தால் சண்டைக்குப் போவாள்.

"சாவு ஊடா இது? வர்றேன்னு சொல்லிட்டுப் போ!"

செத்த வீட்டில் யாரும் 'வர்றேன்' சொல்வதில்லை. அவள் ஷெட்டில் மட்டும் எல்லோரும் சொன்னார்கள். அவள் வாய்க்கு அவ்வளவு பயம்.

இதில் நான் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் வேலை. இடையஞ்சாவடி பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமைக்கிறேன். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா, வளர்க்கிற நாய், பூனைகளோடு மனசாலேயே பேசுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேருக்குத் தமிழில் சொல்வதற்கு என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒரு பூனை, தன் மெத்தையின் கலர் பிடிக்கவில்லை என்று சொன்னதாம். நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். போன தடவை வந்தபோது இதை அக்காவுக்கு நடித்தே காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை.

"எனக்குக் கத்துக் குடுடி ஜெயா. அவரு இருக்காரா இல்லியான்னு செவலைக்குத்தான் தெரியும்."

"லூசாட்டம் பேசாதக்கா."

"ஒரே ஒரு கேள்வி. இல்லைன்னு சொல்லிச்சின்னா நானே தாலியக் கழட்டிட்றேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒப்புக்கொண்டேன்.

செவலைக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. தினமும் உச்சி வேளையில் வரப்பின் கடைசிக்குப் போய் நின்று, முடி சிலிர்க்க, வெறும் தண்ணீரைப் பார்த்து உறுமும். எஜமானுக்காகக் காத்திருக்கிறது என்று ஊரே உச்சுக் கொட்டியது.

இந்தத் தடவை அந்த நேரத்துக்கே போனோம். உப்பு வாருகிறவர்கள் காலையிலேயே வேலையை முடித்துப் போய்விடுவதால் உச்சியில் அங்கே ஈ காக்காய் கிடையாது. பாத்தி பாத்தியாய் வெள்ளை. எங்கும் நிழலில்லை.

"கண்ண மூடு. மூச்ச மெதுவா வுடு. மனசால ஒரு கேள்வி கேட்டுட்டு சும்மா இரு. படமோ ருசியோ ஏதாச்சும் வரும்" என்றேன். "முடிஞ்சதும், நான் போறேன்னு அழுத்திச் சொல்லிட்டு எழுந்துரு. அப்பதான் கதவு சாத்திக்குமாம்."

"எவளாச்சும் வாயத் தொறந்து போறேன்னு சொல்லுவாளா? அபசகுனம் புடிச்சவளே."

அவள் வரப்பில் உட்கார்ந்து நாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். செவலை முகத்தைத் திருப்பப் பார்த்தது. அவள் விடவில்லை.

காற்று நின்றது.

அழுகின மீன் வாடை அடித்தது. கடல் பக்கமிருந்து வரவில்லை. எங்கள் காலடியிலிருந்து வந்தது.

அக்காவின் கடைவாயில் தண்ணீர் வழிந்தது. துப்பினாள். மறுபடியும் வழிந்தது.

"உப்பு" என்று முணுமுணுத்தாள். "இருட்டு. அவரு கை கயித்த அவுக்குது. அப்புறம் கை இல்ல."

"போதும்க்கா."

"அவரு இல்லடி."

அவள் கை தாலியைத் தொட்டது. எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை.

"செவல ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. பேசாத, பேசாதன்னு."

நாய் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், தண்ணீரைப் பார்த்தது.

"அங்க வேற யாரோ இருக்காங்க ஜெயா."

"மாமாவா?"

"குரல் அவருதுதான். ஆனா என்னப் பாத்து செவல, செவலன்னு கூப்புடுது." அவள் நாயை விடாமல் பிடித்திருந்தாள். "அவரு கடைசியாக் கத்துனது. அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாய் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தினமும் யாரையோ வரவிடாமல் நிறுத்திக்கொண்டிருந்தது.

"போறேன்னு சொல்லு. சொல்லிட்டு எழுந்துருக்கா!"

அவள் எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டாள். அது அவரில்லை என்று தெரியும். ஆனாலும் குரல் அவருடையதாயிற்றே. கல்யாணமான நாளிலிருந்து வாசலில் சொல்லிப் பழகியது தானாக வந்தது.

"போயிட்டு வர்றேங்க."

செவலை வயிறு தரையில் ஒட்ட அப்படியே படுத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா சொன்னபடியே தாலியைக் கழற்றினாள். ஓவென்று அழுதாள். அழுது முடித்தால் சரியாகிவிடுவாள் என்று நம்பி அன்றிரவு அங்கேயே தங்கினேன்.

மறுநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கக்கா?"

"கூப்புட்றாங்க. வர்றேன்னு சொல்லிட்டேனே."

உச்சி வெயிலில் வரப்பு முழுக்க அவள் பின்னால் ஓடினேன். பாத்தியில் இறங்கிவிட்டாள். தண்ணீர் கணுக்கால் அளவுதான். நடுவில் நின்று குனிந்து பார்த்தாள். ஏதோ தெரிந்திருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்து, வாழ்நாளில் அவள் கத்தாத கத்தலாய்க் கத்தினாள்.

"ஜெயா!"

விழுந்தாள்.

நான் தோளைப் பிடித்து இழுத்தேன். செவலை முந்தானையைக் கவ்வி இழுத்தது. எதிர்ப்பக்கமிருந்தும் ஏதோ இழுத்தது.

ஒரு சாண் ஆழமில்லாத தண்ணீர் அது. அவள் முகத்தை அது விடவில்லை.

விட்டபோது அவள் வாய் நிறைய உப்பு. தண்ணீர் இல்லை. விளைந்த உப்பு, கல்லாய்.

மயக்கம் போட்டு விழுந்து செத்தாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செவலையைக் கூட்டிக்கொண்டு இடையஞ்சாவடிக்கு வந்தேன். இங்கே செம்மண்ணும் முந்திரிக் காடும்தான், கடல் கண்ணில் படாது. ஆனால் உச்சி வேளையானால் செவலை சமையலறை வாசலில் குறுக்கே படுத்து வெளியே பார்த்து உறுமும். ஒரு வருஷமாய் அப்படித்தான். அது உறுமுகிறவரை எனக்குத் தைரியம்.

நேற்று மதியம் விருந்தாளிகள் அதிகம். அடுப்பில் சாம்பார் பொங்குகிறது. கறிக்கு வதக்குகிறேன். சோறு வடிக்கவில்லை. கொல்லைப்பக்கம் யாரோ கூப்பிட்டார்கள்.

"ஜெயா!"

எனக்கு இருந்த அவசரத்தில், யார் குரல் என்றுகூட யோசிக்கவில்லை. கை வேலையாக இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் வாய் என்ன சொல்லுமோ அதைச் சொல்லிவிட்டது.

"தோ வர்றேன்!"

'பேசாத' என்று தலைக்குள் கேட்டது. என் காதில் அல்ல, தலைக்குள். ஆனால் நான் பேசி முடித்த பிறகுதான் கேட்டது.

கரண்டியோடு திரும்பினேன். வாசலில் குறுக்கே படுத்திருந்த செவலை எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அது உறுமவில்லை.

பிறகு மெதுவாக, வழியை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தது.