இடப்பக்கப் பின்சீட்

பின்சீட்டில் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாகப் புது வண்டி சொல்லிக்கொண்டே வந்தது. டிங், டிங் என்று மென்மையான ஓசை. பெரிய இடத்து வண்டி, அதட்டிப் பேசிப் பழக்கமில்லை. திரையில் இடப்பக்கப் பின்சீட் சிவப்பாக மின்னியது. பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். தோல் சீட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

வாங்கிய அன்றே கோளாறா என்று எரிச்சலாக வந்தது, ஆனால் அதைக் காட்டிலும் சந்தோஷம் பெரிதாக இருந்தது. எட்டு வருஷம் உழைத்த பழைய வண்டியைக் கொடுத்து, மேலே ஒரு வீட்டு விலை போட்டு வாங்கியிருந்தார். காலை ஒன்பது மணிக்கே ஷோரூமுக்குப் போய்விட்டார். போன வாரமே மதிப்புப் போட்டு முடித்திருந்ததால் பழைய வண்டியை இன்று யாரும் திறந்து பார்க்கவில்லை. பின்பக்க மைதானத்தில் அவரே கொண்டுபோய் நிறுத்திப் பூட்டினார், இரண்டு சாவியையும் கொடுத்தார். குழந்தை சீட்டைக் கழற்ற வேண்டாமா என்று சேல்ஸ்மேன் கேட்டதற்கு, "அதுவும் வண்டியோட போகட்டும், பாப்பாவுக்குப் புதுசு வாங்கிக்கறோம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அப்புறம் கையெழுத்து, விளக்கம், போட்டோ. வெளியே வரப் பன்னிரண்டரை ஆகிவிட்டது.

புறவழிச் சாலையில் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். முதுகைச் சீட்டோடு சேர்த்து அறைந்தது வண்டி. நாற்பத்தைந்து வயசில் சத்தமாகச் சிரித்தார்.

டிங், டிங்.

ஏசி குளிரில் விரல் விறைத்தது, ஆனால் பிடரியில் மட்டும் வெக்கையாக இருந்தது. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வெக்கை. புதுத் தோல் வாசனைக்கு அடியில் லேசாகப் புளித்த பால் வாசனை வந்தது. அவர் ஏசியைக் கூட்டினார். வெக்கை பின்னாலிருந்து நகரவில்லை.

போன் மணி வண்டி முழுக்க ஒலித்தது. குழந்தைகள் காப்பகத்து அம்மா.

"டாக்டர் சார், பாப்பா இன்னைக்கு வரலையே, உடம்பு ஏதும் சரியில்லையா? சாப்பாடு எடுத்து வச்சிட்டோம், அதான் கேட்கலாம்னு."

"வரலையா? நான்தானே காலையில கொண்டுவந்து விட்டேன். உங்க கையிலதான் கொடுத்தேன். குடை பிடிச்சிட்டு வாசல் வரைக்கும் வந்தீங்களே."



"அது நேத்து சார். இன்னைக்கு ஏது மழை?"

அவர் கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. காலையை நினைத்துப் பார்த்தார். வீட்டு வாசல் ஞாபகம் இருந்தது. மூன்று வயசு மகளைத் தூக்கக் கலக்கத்தோடு சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் மாட்டியது ஞாபகம் இருந்தது. அப்புறம் சிக்னலில் ஷோரூமிலிருந்து போன். "வண்டி ரெடி சார், எப்ப வரீங்க?" காப்பகத்துப் பக்கம் திரும்பிய ஞாபகம் இல்லை.

எவ்வளவு தேடியும் இல்லை.

வண்டியைத் திருப்பினார். ஷோரூமைக் கூப்பிட்டார், எதிர்முனையில் வரவேற்பு இசை, காத்திருக்கச் சொல்லும் குரல், மறுபடி இசை. சாப்பாட்டு நேரம்.

முன்னால் லாரி. அதற்கு முன்னால் பஸ். நானூறு குதிரை சக்தி, நத்தையாக ஊர்ந்தது. ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரும் வழிவிடவில்லை.

டிங். டிங். டிங்.

இப்போது வேகமாக.

"அப்பா வரேன்டா. வந்துட்டேன். இதோ."

டிங். டிங்.

சிக்னல். சிவப்பு. எண்பது நொடி.

டிங்.

நின்றுவிட்டது.

திரையில் சிவப்பு இல்லை. பிடரியில் வெக்கை இல்லை. வண்டி முழுக்க ஒரே சீரான குளிர். விளக்கு பச்சைக்கு மாறியதும் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கால் எப்படி அழுத்தியதென்று அவருக்குத் தெரியாது.

பின்பக்க மைதானத்தில் நிழலே இல்லை. பழைய வண்டிகள் வரிசையாக வெந்துகொண்டிருந்தன. காவல்காரர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார்.

"என்ன சார், எதையாவது மறந்து வச்சிட்டீங்களா?"

டாக்டர் கையை மட்டும் நீட்டினார். கடைசி வரிசை.

"சாவி உள்ள இருக்கு சார். இருங்க, கொண்டு வரேன்."

காவல்காரர் போனார். டாக்டர் வண்டியருகே போனார். கண்ணாடிகளுக்கு உட்புறம் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கம் சுற்றி வந்தார்.

பின்கதவுக் கண்ணாடியில், கீழ் ஓரத்திலிருந்து ஃபிலிம் கீறப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து. மெல்லிய கோடுகள், நான்கு நான்காக, ஒன்றின்மேல் ஒன்றாக. ஒரு சின்னக் கை எட்டும் உயரம்வரை. அதற்கு மேலே கறுப்பு அப்படியே இருந்தது.