அக்கா பாதியில் விட்ட மஞ்சள் கவுன்

நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு வருஷத்தைக் கடத்தியவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவழியாகத் தையல் அறையின் பூட்டைத் திறந்தாள். சாக்குப்போக்குச் சொல்வதில் அந்தச் சின்ன டெய்லரம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. துணி கொடுத்துவிட்டு நடையாய் நடந்தவர்களைக் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள். ஆனால் இது வெளியாள் துணி இல்லை. இவள் மகள் குட்டிக்காக அக்கா தைக்க ஆரம்பித்து, செத்துப்போனதால் பாதியில் நின்ற கவுன்.

பூட்டிக்கிடந்த அறையில் தூசி வாசம்தானே வர வேண்டும்? அக்கா தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம் வந்தது.

வேலை முடியாமல் நூலை அறுக்கக் கூடாது என்பது அக்காவின் கண்டிப்பு. அதனால் கவுன் ஊசிக்கு அடியிலேயே கிடந்தது. குட்டியோ இதற்குள் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். எங்கே சேரப்போகிறது என்று அலுத்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டு, டேப்பை வைத்து அளந்து பார்த்தாள்.

தோள் சரி. இடுப்பு சரி. உயரமும் சரி.

"இது எப்படிடி உனக்குச் சரியா இருக்கு?"

"பெரியம்மா அளவெடுத்தாங்கல்ல."

"அது போன வருஷம்டி."

"இல்லம்மா. நேத்து." குட்டி குரலைத் தணித்தாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. பாடிக்கிட்டே எடுத்தாங்க."

சின்னவள் குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள். வீட்டில் இருப்பதே இவர்கள் இரண்டு பேர். குட்டிக்கு ஒன்று என்றால் அவளால் உயிரோடு இருக்க முடியாது. இந்தக் கவுனை முடித்துக் கொடுத்துவிட்டால் அக்காவுக்கு இங்கே என்ன வேலை? குழந்தையை விட்டுப் போய்விடுவாள். அப்படித்தான் அவள் நினைத்தாள். குட்டியைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு மெஷினில் உட்கார்ந்து மிதித்தாள்.

கழுத்துப் பட்டி பாதி போகும்போது முதுகுக்குப் பின்னால் முனகல் கேட்டது.

அக்கா தைக்கும்போது முனகும் அதே மெட்டு. வார்த்தையே கிடையாது. 'அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்தேன்க்கா' என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருப்பாள்.

அவள் திரும்பவில்லை.

முனகல் நெருங்கியது. காதோரம் மூச்சுப் பட்டது.

மூச்சு சில்லென்று இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அம்மா செத்த அன்றைக்கு, ஒரே போர்வைக்குள் இவளை அணைத்துக்கொண்டு அக்கா முனகியது இதைத்தான். பயப்படாதே, நான் இருக்கேன் என்பதை அக்கா வாயால் சொன்னதே இல்லை, இப்படித்தான் சொல்வாள். இத்தனை வருஷமும் அதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். சின்னவள் தேம்பித் தேம்பி அழுதாள். கால் மட்டும் மிதிப்பதை நிறுத்தவில்லை. கடைசிப் பொத்தானையும் வைத்து நூலை அறுத்தாள்.

முனகல் நின்றது.

"போயிட்டு வாக்கா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

கவுனைப் போட்டுக்கொண்ட குட்டி கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அம்மா, அடுத்தது உனக்குத் தைக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"பெரியம்மா. ராத்திரி அளவெடுக்க வருவாங்களாம். நீ நிக்க வேணாமாம். படுத்தே இருக்கணுமாம்."

தையல்காரி யாரையும் நிற்க வைத்துத்தான் அளவெடுப்பாள். சின்னவள் தன் ஆயுளில் ஒரே ஒருத்தியைத்தான் படுக்க வைத்து அளந்திருக்கிறாள். கடைசியாகப் போட்டு அனுப்ப ரவிக்கை தைப்பதற்காக, அக்காவை.

முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது.

பூட்டிய அறைக்குள் மெஷின் ஓட ஆரம்பித்தது. கூடவே அந்த மெட்டு, பயப்படாதே, நான் இருக்கேன் என்று.