நேற்று பேசியவர்

"உங்களோடு நேற்றே பேசிவிட்டேனே," என்றாள் குடியிருப்பின் அலுவலகத்தில் இருந்த பெண்.

ஜெயபிரகாஷ் நேற்று அவளுக்குப் போன் செய்யவில்லை. 'வீடு வாடகைக்கு' என்ற சாலையோரப் பலகையைப் பார்த்து, ஈரமான ஷூக்களோடு இப்போதுதான் முதல்முறையாக உள்ளே வந்திருந்தான். அவள் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினாள். அவன் பெயர், ஓர் எழுத்தும் பிசகாமல். மனைவி, நான்கு வயது மகள், சனிக்கிழமை வருகிறார்கள். அதற்குக் கீழே, குளியலறைக்கு ஜன்னல் இருக்கக்கூடாது என்று குறித்திருந்தாள்.

பிரிட்ஜ்வாட்டரில் மூன்று இடங்களில் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடன் வாங்கிக் கட்டிய கணக்கு, கிரெடிட் ஹிஸ்டரி, இல்லை. அமெரிக்கா வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

"நாங்களும் தரமாட்டோம்," என்றாள். "ஆனால் நீங்கள் பேசிய விதம் அப்படி. என்ன ஒரு குரல்." நிமிர்ந்து பார்த்தாள். "இன்று தொண்டை சரியில்லையோ?"

"சளி," என்றான். கையெழுத்துப் போட்டான்.

சாவியோடு வாசலுக்கு வந்தபோதுதான் நினைவு வந்தது. இதே பதிலை முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அதுவும் யாரோ பேசி வாங்கிக்கொடுத்த ஒன்றுக்காகத்தான்.

நவம்பரில், ஆட்களை அழைத்துவந்து வேலைக்கு அனுப்பும் கன்சல்டன்ஸி அவனை எடிசனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் இறக்கிவிட்டிருந்தது. இரண்டு அறை, ஆறு பேர். வேலை போனில் வரும். வாடிக்கையாளர் அரைமணி நேரம் கேள்வி கேட்பார். ஒழுங்காகப் பதில் சொன்னால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த போன் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜெயபிரகாஷுக்கு வேலை தெரியும். ஆனால் ரிசீவரைக் காதில் வைத்ததும் நாக்கு உலர்ந்துவிடும். இரண்டு முறை தோற்றான். மூன்றாம் முறை அவன் பெயரில் சுப்பையன் பேசினான். தென்காசிக்காரன், அதே விமானத்தில் வந்தவன். ஒருவருக்காக இன்னொருவர் பேசுவதை அந்த வீட்டில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

டிவி சத்தமும் குக்கர் விசிலும் எட்டாத ஒரே இடம் குளியலறை. நீளமான வயரைக் கதவுக்கு அடியில் இழுத்துக்கொண்டு சுப்பையன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். ஈரத் துண்டுகளின் வாடையும் அவன் தொண்டையில் தேய்த்திருந்த நீலகிரித் தைலத்தின் காரமும் சேர்ந்து அந்தச் சிறிய அறையை அடைத்திருக்க, ஜெயபிரகாஷ் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் சுப்பையன் மெதுவாக இரண்டு முறை செருமுவான். பிறகு குரல் எடுத்து வைத்த மாதிரி வரும். "திஸ் இஸ் ஜெயபிரகாஷ்."

ரிசீவரை வைத்ததும் சிரித்தான். "உங்க பேரு எனக்கு நல்லாப் பொருந்துது சார். அப்படியே வீட்டுக்கும் நானே பேசிரட்டுமா? மேடம் கண்டுபிடிக்காங்களான்னு பாப்போம்."

"போய்யா," என்று ஜெயபிரகாஷும் சிரித்தான்.

வேலை கிடைத்தது. போனில் கேட்ட குரல் இது இல்லையே என்று மேனேஜர் முதல் நாள் புருவம் தூக்கினார். சளி என்றான். இரண்டாவது வாரம் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

டிசம்பரில் மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். "உங்கள் கம்பெனி ஆள். சுப்பையன். தெரியுமா? இன்னொரு இடம் காலியாக இருக்கிறது. நேரில் வரச் சொல்லவா?"

சுப்பையன் இந்த அறையில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் முதல் வாக்கியத்திலேயே, போனில் பேசியது யாரென்று மேனேஜருக்குத் தெரிந்துவிடும்.

"எனக்கு அவரைத் தெரியாது," என்றான் ஜெயபிரகாஷ். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நல்லபடியாகக் கேள்விப்படவில்லை," என்றும் சொன்னான்.

ஜனவரியில், இன்னும் வேலை கிடைக்காத சுப்பையனைக் கன்சல்டன்ஸி கெஸ்ட் ஹவுஸைவிட்டு வெளியேற்றியது. அன்று மதியத்திலிருந்தே பனி கொட்டியது. ஜெயபிரகாஷ் அப்போது நண்பன் சிவராமகிருஷ்ணனின் வீட்டு சோபாவில் தங்கியிருந்தான். சாயங்காலம் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. ஆன்சரிங் மெஷின் எடுத்தது. இரண்டு செருமல்.

"சார், சுப்பையன் பேசுதேன். பெட்ரோல் பங்க் போன் பூத்துல நிக்கேன். நீங்க என்னைத் தெரியாதுன்னு சொன்னதா ஆபீஸ்ல சொன்னாங்க. சரி, அத விடுங்க. இன்னைக்கு ஒருநாள் தங்க இடம் குடுங்க, போதும். அங்கனதான இருக்கீங்க? எடுங்க சார்."

அவன் மெஷினுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். கைகள் பாக்கெட்டில். டேப் தீரும்வரை அந்தப் பக்கம் மூச்சு கேட்டது.

காலையில் பனி தள்ளும் வண்டிக்காரர் பூத்தைத் திறந்தார். காலுறைமேல் மாட்டிய ஹவாய் செருப்பு. கையில் ரிசீவர். சவப்பெட்டி ஊருக்குப் போன நாள் ஜெயபிரகாஷ் லீவு எடுக்கவில்லை.

புது வீட்டில் யாரோ விட்டுப்போன ஒரு போன் தரையில் இருந்தது. வெளிர் மஞ்சள், நீளமான வயர். லைன் கேட்டுத் தொலைபேசிக் கம்பெனிக்குப் போனான். நேற்றே நீங்கள் பேசி வாங்கிவிட்டீர்கள் என்றார்கள்.

புதன்கிழமை மனைவி எழிலரசிக்குப் போன் செய்தான். ஈரோட்டில் விடிந்திருந்தது.

"ஏனுங்க, நேத்து அவ்வளவு நேரம் பேசிப்போட்டு இன்னைக்கும் போனா?" என்றாள். "குரலென்ன கரகரங்குது?"

"நேத்தா?"

"வெளையாடாதீங்க. வெண்பா ஏ பி சி டி பூராச் சொன்னாளே, மறந்துருச்சா? நாங்க வந்துதான் பால் காய்ச்சோணும், அதுவரைக்கும் அடுப்பைத் தொடாதீங்கன்னேன். அப்ப நான் பாத்ரூம்லயே குடியிருக்கேன்னு சிரிச்சீங்களே!"

அவன் ரிசீவரை வைத்தான். ஹீட்டர் முனகியது. பூட்டியே கிடந்த வீட்டின் கம்பள வாடைக்கு நடுவில், குளியலறைப் பக்கமிருந்து நூலாக இழைந்து வந்தது நீலகிரித் தைலத்தின் மணம்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் குரல் பாதியாகிவிட்டது. சூடான தண்ணீர் குடித்தான். உப்பு போட்டுக் கொப்பளித்தான். மேனேஜர் மேஜையைத் தட்டிவிட்டுப் போனார். "நேற்று போனில் விளக்கினீர்களே, அருமை. பழைய ஜெயபிரகாஷ் திரும்பி வந்துவிட்டார்."

அன்று வீடு திரும்பியபோது போன் அதன் இடத்தில் இல்லை. வயர் மட்டும் தரையில் ஓடியது. கூடத்தைக் கடந்து, சுவரோரமாக வளைந்து, குளியலறைக் கதவுக்கு அடியில் போய் மறைந்தது. விறைப்பாக இருந்தது. உள்ளே யாரோ இழுத்துப் பிடித்திருப்பதைப்போல.

கைப்பிடியைத் திருப்பினான். பூட்டியிருந்தது.

உள்ளே இரண்டு செருமல்.

ஷூவைக் கழற்றாமல் கூடத்தின் மூலையில் உட்கார்ந்தான். வெளிச்சம் வந்தபோது கதவு திறந்து கிடந்தது. தொட்டியின் விளிம்பில் போன். தரை ஈரம்.

வெள்ளிக்கிழமை வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். போனைக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டு, மேலே இரண்டு பைகளை வைத்து அமுக்கினான். "மன்னிச்சிரு," என்று சொல்லப் பார்த்தான். காற்றுதான் வந்தது.

சனிக்கிழமை. ஒரு மணிக்கு சிவராமகிருஷ்ணன் காரோடு வந்து அவனை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஒன்று ஆனது. இரண்டு. மூன்று. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். கார் நிறுத்துமிடத்தில் பனி சத்தமில்லாமல் விழுந்து ஒவ்வொரு காரின் நிறத்தையும் அழித்தது. வாயைத் திறந்து மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தான். வெண்பா. உதடுகள் அசைந்தன. அவ்வளவுதான்.

நாலரைக்கு இருட்ட ஆரம்பித்தபோது குளியலறையில் போன் அடித்தது.

வயரைப் பிடுங்கிக் குப்பையில் போட்ட போன்.

அவன் உள்ளே போனான். உடைத்துவிட வேண்டும், எழில் வருவதற்குள் உடைத்துவிட வேண்டும். தொட்டி நிறைய பனி. வெள்ளையாக, விளிம்புவரை. அதன்மேல் போன். ரிசீவரை எடுத்தான். குளிரில் அது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வாசல் மணி.

"ஏனுங்க! வந்துட்டமுங்க!"

வாயைத் திறந்தான். ஒன்றுமில்லை. கைப்பிடி அசையவில்லை. வெளியே, கதவுக்கு மிக அருகில், இரண்டு செருமல். காலடி. வாசல் கதவு திறக்கும் சத்தம்.

"வா எழில்." அவன் குரல். அவன் குரலேதான். "வெண்பாக் குட்டி, அப்பாகிட்ட வா."

"டேய் மாப்ள," சிவராமகிருஷ்ணன் மூச்சு வாங்கினான். பெட்டிகள் தரையில் விழுந்தன. "நீ போன் பண்ணி வீட்லயே இருக்கேன்னதும் நான் நேரா ஏர்போர்ட் போய்ட்டேன். தொண்டை சரியாயிடுச்சு போல? சூப்பரா பேசுற!"

"அடுப்பு எங்கீங்க இருக்குது?" எழில் சிரித்தாள். "மொதல்ல பால்."

ஒட்டாத கையால் கதவைக் குத்தினான். மறுபடி. மறுபடி. தோல் கிழிந்தது. ரிசீவருக்குள் மூச்சு. ஒரு டேப் அளவுக்கு நீளமான மூச்சு. தொட்டியிலிருந்து பனி வழிந்து கணுக்காலைத் தொட்டது.

பாலின் மணம் கதவிடுக்கில் வந்தது.

"அப்பா." வெண்பா. மிக அருகில். "உள்ள யாரோ தட்டுறாங்க."

அவன் நிறுத்தினான். காது கொடுத்தான்.

இரண்டு செருமல்.

"எனக்கு அவரைத் தெரியாதும்மா."

மண்டியிட்டான். பனியில் கன்னத்தை வைத்து இடுக்கின் வழியே பார்த்தான். மஞ்சள் வெளிச்சம். மகளின் சின்னப் பாதங்கள். பக்கத்தில், காலுறைமேல் மாட்டிய ஹவாய் செருப்பு இரண்டு. அவற்றைச் சுற்றிக் கம்பளம் நனைந்துகொண்டிருந்தது.

"பொங்கிருச்சு!" எழில் கூப்பிட்டாள். "ஓடியாங்க ரெண்டு பேரும்!"

செருப்புகள் திரும்பின. சின்னப் பாதங்கள் அவற்றின் பின்னால், ஈரத்தை மிதித்துக்கொண்டு போயின.