பவளக்கொடியின் எச்சக்கோப்பு

வைகைப்புரத்தில் பல் விளக்குவதற்கு முன் கதவிடம் முகம் காட்ட வேண்டும். கதவு நகரத்தின் மெய்ப்பதிவைப் பார்த்து, இந்த வீட்டில் இன்று யார் யார் உண்டு என்று அறிவிக்கும். அதன்படிதான் குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் நிற்கும், அடுப்பு அரிசி அளக்கும். மனிதர்கள் வாயால் சொல்வதைக் கதவு கேட்காது. மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்று முன்பே ஒரு குழு அமைத்துக் கண்டுபிடித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை பவளக்கொடி முகம் காட்டினாள்.

"பவளக்கொடி, கணவர் செந்தூரான். ஆக இருவர்," என்றது கதவு. அடுப்போ ஒருவருக்குத்தான் அரிசி அளந்தது.

அவள் காப்பிகூடக் குடிக்காமல் அலுவலகத்துக்கு ஓடினாள். வெள்ளிக்கிழமைதான் இருவரும் விவாகரத்துக்கான பிரிவுப் பதிவில் கைரேகை வைத்திருந்தார்கள். ஓர் ஆண்டு காத்திருந்து, இருவரும் சேர்ந்து வந்து வைக்க வேண்டிய ரேகை. செந்தூரான் கெட்டவன் அல்ல. எதையும் நாளைக்கு என்று சொல்பவன்; அவனை அந்த மேசைக்கு அழைத்து வருவதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

மெய்ப்பதிவகத்தில் தரவுத்தளத்தைக் கவனிப்பதே அவள் வேலை. மேற்பார்வையாளர் நாச்சியப்பன் எல்லோருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, எடுத்துக்கோங்க. சர்வருக்குப் புது இயங்குதளம் ஏத்தியாச்சு. சனி ஞாயிறு கதவெல்லாம் பழைய நகல்ல ஓடுச்சு, இன்னிக்குக் காலைலேருந்து புதுசுதான். ஜம்முனு ஓடுது."

"எங்க வீட்டுக் கதவு ஒண்ணு சொல்லுது, அடுப்பு ஒண்ணு சொல்லுது சார்."

"புதுசுல்ல, பழகிரும்."

அவள் திரையைத் திறந்தாள். சேவையகத்தின் மூலையில் ஒரு ஜர்னல் கோப்பு மிஞ்சிக் கிடந்தது. தரவுத்தளம் எதையும் மாற்றுவதற்கு முன், அது இருந்த நிலையை இப்படி ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். மாற்றம் முடிந்ததும் கோப்பை அழித்துவிடும். கோப்பு மிஞ்சினால், மாற்றம் பாதியில் நின்றது என்று பொருள். அடுத்த முறை எழும்போது தரவுத்தளமே அதைப் படித்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் இந்தக் கோப்பு பழைய இயங்குதளத்தின் பயனர் பெயரில் இருந்தது. அப்படியொரு பயனர் இப்போது இல்லை. அதனால் புதிய தளம் அதைத் தொட அஞ்சி, பாதியை முழுசு என்று நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

"பழசை எப்ப சார் நிறுத்துனீங்க?"

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும்லம்மா. அதுக்குள்ள புதுசை ஏத்தணும்ல? படக்குனு ஸ்விட்சை இழுத்துட்டேன்."

"ஓடிக்கிட்டிருந்த வேலை முடியட்டும்னு பாக்கலையா?"

"வேலை எப்பவும் ஓடும். நல்ல நேரம் நிக்குமா?"

பிரிவதற்கும் நல்ல நேரம் பார்த்து, அதே பத்தரைக்குள் ரேகை வைத்தாக வேண்டும் என்று அடம்பிடித்தவன் செந்தூரான்.

"ஒத்தைக் கோப்புதானேம்மா, குப்பை. அழிச்சுருங்க," என்றார் நாச்சியப்பன்.

அழிக்கலாம். அழித்தால் பாதிப் பிரிவு அப்படியே நிலைக்கும். மீதியைக் கையால் திருத்திக்கொள்ள அவளுக்குத் தெரியும். ஆனால் தரவுத்தளம் வீடு வீடாக எழுதுவதில்லை, பக்கம் பக்கமாக எழுதும். அவள் பதிவு இருந்த பக்கத்திலேயே எதிர்வீட்டு நஸ்ரீனின் கைக்குழந்தையும் இருந்தது. சோதித்துப் பார்த்தாள். பெயர் இருந்த இடத்தில் வெறும் பூச்சியங்கள். பதிவில் இல்லாத பிள்ளைக்குத் தடுப்பூசி இயந்திரம் ஊசி போடாது. அழிந்த பெயர் அந்தக் கோப்பில் மட்டும்தான் இருந்தது; தாய் வாயால் சொல்வதை மெய்ப்பதிவு ஏற்காது.

அவள் செந்தூரானை அழைத்தாள். "வெள்ளிக்கிழமை வெச்சது பதியலை. நான் இப்ப பழைய நிலைக்கு மீட்டா நாம மறுபடி புருசன் பொண்டாட்டி. இன்னிக்கே வந்து திரும்ப ரேகை வெப்பியா?"

"அன்னிக்கு எப்படியோ வெச்சுட்டேன் பவளம். இப்ப கை வராது. இதெல்லாம் விதியோ என்னமோ."

"விதி இல்ல. நாச்சியப்பன்."

"கொஞ்ச நாள் போகட்டுமே. பாத்துக்கலாம்."

இன்று அவன் வராவிட்டால் புது விண்ணப்பம், மீண்டும் ஓர் ஆண்டு காத்திருப்பு. அவன் இழுத்தடித்தால் எத்தனை ஆண்டோ. அவள் இணைப்பைத் துண்டித்தாள். கேசரியை ஓரமாக நகர்த்திவிட்டு, தரவுத்தளத்தை முறைப்படி நிறுத்தி, கோப்பின் உரிமையைப் புதிய பயனருக்கு மாற்றி, மீண்டும் இயக்கினாள். கோப்பு தன் கடமையைச் செய்துவிட்டு மறைந்தது. நஸ்ரீனின் மகன் ரய்யான் பதிவுக்குத் திரும்பினான். பவளக்கொடி செந்தூரானின் மனைவியானாள்.

"பாத்தீங்களா, எல்லாம் பழையபடி ஆயிருச்சு!" என்றார் நாச்சியப்பன்.

"பதிவு மட்டும் ஆயிருச்சு சார்," என்றாள்.

புதிய பிரிவு விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பி அனுப்பினாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினாள். வைகைப்புரத்தில் பதிவு ஒன்று சொல்ல ஆள் வேறிடத்தில் வாழ்ந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. தண்ணீர் வராது, அடுப்பு அளக்காது. அதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் கிடையாது.

பெண்கள் விடுதியின் கதவு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறக்க மறுத்தது. அவள் பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தாள். மாலை வேலைக்குக் கிளம்பிய ஒருத்தி உள்ளிருந்து வெளியே வந்தபோது, மூடப்போன கதவுக்கு நடுவே காலை வைத்தாள்.

"பதிவின்படி நீங்கள் உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறீர்கள்," என்றது கதவு.

"பதிவுல இருந்துட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு உள்ளே போனாள்.