வலி இல்லாதவள்

மாடிப்படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளக்கூட அந்த வீட்டில் அவளுக்கு உரிமை கிடையாது. நின்றால் போதும், கூடத்து நாற்காலியிலிருந்து மாமியாரின் குரல் கிளம்பிவிடும்.

"என்ன, காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா? முட்டி டாக்டர் வீட்டுலயே முட்டி நாடகம்... நல்லா இருக்கு."

அவள் ஏறிக்கொண்டே இருந்தாள். ஒரு கையில் தட்டு. தட்டில் கஞ்சி, வெந்நீர், மாத்திரை. இன்னொரு கை படியின் கைப்பிடியில். வலது காலைத் தூக்கி வைத்து, இடது காலை இழுத்து அதன் பக்கத்தில் சேர்த்து, பிறகு அடுத்த படி. இப்படி நடை பழகும் பிள்ளை மாதிரி ஏறுவதைத்தான் மாமியார் நாடகம் என்பார். நாடகம் போடுகிறவள் யாராவது வலியை உதட்டுக்குள் கடித்து விழுங்குவாளா? அதை யோசிக்கத்தான் அந்த வீட்டில் ஆளில்லை.

மேலே மாமனார் படுத்திருந்தார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகக் குறைந்துவிட்டது. காற்றோட்டமான அறை என்று அவரை மாடியில் சேர்த்ததிலிருந்து அவருக்கு எல்லாமே மருமகள்தான். மாமியார் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கேட்டால், நோயாளி அறை வாடை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். மாமனாரோ, மருமகளை அடிக்கடி ஏற வைக்கக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அது அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

அவள் கணவரைத் தெருவில் எல்லோருக்கும் முட்டி டாக்டராகத்தான் தெரியும். மருத்துவக் கல்லூரியில் மூட்டுத் தேய்மான ஆராய்ச்சி. தேய்ந்த முட்டியோடு ஒருவர் எப்படி நடக்கிறார், எந்தப் பயிற்சி, எந்த ஊசி அந்த நடையைத் திருத்துகிறது என்று வருஷக்கணக்காக அளந்துகொண்டிருப்பவர். மருந்துக் கடைக்காரர் அவரை நடுத்தெருவில் நிறுத்தித் தன் முட்டியைக் காட்டுவார். இவரும் நின்று, பொறுமையாகக் கேட்டு, வழி சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

வீட்டுக்குள் வந்தால் கதையே வேறு. அவளுக்கு முதலில் வலி வந்தபோது எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதுவரைக்கும் நியாயம். படம் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிரமாதமான முட்டி, எலும்புக்கு நடுவே இடைவெளி எவ்வளவு நன்றாக இருக்கிறது பார், உனக்கு ஒன்றுமே இல்லை என்று தன் தாயின் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்ல சேதி சொன்ன திருப்தி அவருக்கு! அன்றோடு அவள் வலி அந்த வீட்டில் பொய்யாகிவிட்டது. நிபுணரே தீர்ப்புச் சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது? வலி மட்டும் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்படவில்லை.

போன மழைக்காலத்தில் இன்னொரு கூத்து நடந்தது. ஆராய்ச்சியில் நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில் முட்டி வலியே இல்லாத பெண்கள் சிலர் தேவைப்பட்டார்கள். ஆள் தேடி அலைவானேன் என்று டாக்டர்கள் அவரவர் மனைவிமார்களையே வரச் சொன்னார்கள். இவரும் அவளைக் கூட்டிப்போனார். வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லி ஓய்ந்துபோன பெண்டாட்டியை, வலியே இல்லாதவர்கள் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்த புருஷன் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அங்கே ஒரு பெண் அவளிடம் முட்டியில் வலி உண்டா என்று கேட்டாள். கணவர் கதவோரம் சக டாக்டர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார். அத்தனை பேர் நடுவே, முட்டி டாக்டரின் மனைவி, ஆமாம் என்று எப்படிச் சொல்வாள்? அவர் மானம் என்ன ஆவது? இல்லைங்க என்றாள். கால் அசைவைக் கேமரா பிடிக்க வசதியாகக் காலெங்கும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி, கேமராக்களுக்கு நடுவே, பாரத்தை அளக்கத் தரையில் பதித்த பலகைமேல் நடக்க வைத்தார்கள். எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் படுக்க வைத்தார்கள். உருண்டைகளை ஒட்டிய டெக்னீஷியன் கூச்ச சுபாவி, புதிதாகத் தகப்பனானவன். அவள் எழுந்திருக்கத் தடுமாறியதைக் கவனித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறீர்களாம்மா என்று கேட்டவன் அவன் ஒருவன்தான்.

இன்று அவன் தலைதான் உருளப் போகிறது.

தட்டோடு கீழே இறங்கியபோது கணவர் போனில் யாரிடமோ தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார். வலி இல்லாதவர்களில் ஒருத்தியின் பதிவு மொத்தக் கணக்கையும் குட்டிச்சுவராக்கிவிட்டதாம். நடை ஒரு பக்கம் சாய்கிறதாம். உடம்பு பாரத்தை ஒரு காலே சுமக்கிறதாம். ஸ்கேனில் எலும்புக்குள் நீர் கோத்து, மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு வீங்கிக் கிடக்கிறதாம். பெயர்களை மறைத்து எண் மட்டுமே போட்டிருந்ததால் அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் ஆசைப்படவில்லை. டெக்னீஷியன் ஏதோ நோயாளியின் பதிவை மாற்றிப் போட்டுவிட்டான், இன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று போனை வைத்தார்.

ஒரு பக்கம் சாயும் அந்த நடை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"என்னங்க... அந்தப் பதிவு..."

"உனக்கு இதெல்லாம் புரியாது. சாவி எங்க?"

எடுத்துக் கொடுத்தாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். துணியைக் காயப்போடப் போய், வாளியைக் கொல்லையிலேயே வைத்துவிட்டு வந்தாள். உண்மையைச் சொன்னால் கணவர் அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வேண்டும். மனைவியின் முட்டியையே கண்டுபிடிக்கத் தெரியாதவரா மற்றவர் முட்டியைப் பார்க்கிறார் என்று சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் கைக்குழந்தைக்காரன் ஒருவன் தெருவில் நிற்பான், அதுவும் அவள் சொன்ன ஒரு பொய்க்காக. இவ்வளவு காலம் தன் வலியைத் தானே விழுங்கியது தியாகம் என்று அவள் நினைத்திருந்தாள். அடுத்தவன் பிழைப்பைச் சேர்த்து விழுங்க அவளுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

புடவையை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அத்தை, நான் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வரேன். மாமாவோட மதியக் கஞ்சி அடுப்புல இருக்கு. நீங்க கொண்டுபோய்க் கொடுத்துடுங்க."

"நானா?" என்றார் மாமியார். வழக்கமான வீராப்பு அந்தக் குரலில் இல்லை. அதை நின்று கவனிக்க அவளுக்கு நேரம் இல்லை.

பஸ் படியில் ஏற ஒருமுறை, இறங்க ஒருமுறை உயிர் போய் வந்தது. ஆராய்ச்சிக் கூடத்து வாசலில் டெக்னீஷியன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து, தான் எதையும் மாற்றவில்லை என்றான். தெரியும்ப்பா என்று அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே மேஜையைச் சுற்றி டாக்டர்கள். நடுநாயகமாகத் துறைத் தலைவி, நரைத்த கிராப்புத் தலை, கண்டிப்பான பேர்வழி. கணவர் அவளைப் பார்த்துப் பதறி எழுந்து, அப்பாவுக்கு ஏதாவதா என்று கேட்டார்.

"மாமா நல்லா இருக்கார். நீங்க தேடற பதிவு என்னோடதுங்க. யாரும் எதையும் மாத்தல. வலி இல்லைன்னு அன்னைக்குப் பொய் சொன்னது நான்தான். வெளிய உட்கார்ந்திருக்கிற அந்தப் பையனை விட்டுடுங்க."

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "உனக்குத்தான் ஒண்ணுமில்லையே. நான்தான் படம் பார்த்தேனே..."

"படத்தைப் பார்த்தீங்க. அதுக்கப்புறம் ஒரு நாளாவது நான் நடக்கறதைப் பார்த்தீங்களா? ஊர்ல இருக்கிற பொம்பளைங்க நடையை எல்லாம் கேமரா வச்சு அளக்கறீங்க. உங்க வீட்டுப் படியில ஒருத்தி தினமும் அழுதுகிட்டே ஏறிப் போறா... அது உங்க கண்ணுல படவே இல்லையே..."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. துறைத் தலைவி தன் நாற்காலியையே இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். எண்ணுக்குரிய பெயரை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் பெயர்தான். பிறகு முட்டி டாக்டரிடம் தணிந்த குரலில்தான் பேசினார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், எலும்புக்குள் கோத்த நீரும் ஜவ்வின் வீக்கமும் தெரியாது, ஆரம்பத்தில் படம் பளிச்சென்றுதான் இருக்கும், இதை நீங்களே எத்தனை மேடையில் பேசியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.  கணவர் எழுந்து போய், டெக்னீஷியன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு உள்ளே அழைத்து வந்தார். அந்த மட்டில் நல்ல மனிதர்தான்.

துறைத் தலைவி அதோடு விடவில்லை. வரிசையில் இருந்த டாக்டர் மனைவிகளுக்கு ஒவ்வொருவராகத் தானே போன் போட்டு, பக்கத்தில் புருஷன் இல்லாமல், அதே கேள்வியைக் கேட்டார். பாதிப் பேருக்கு மேல் வலி இருந்தது. ஒருத்தி, அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாளாம். மேஜையைச் சுற்றி இருந்த டாக்டர்கள் யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமான ஆரோக்கியமான முட்டி அவர்களிடம் இப்போது மிச்சமில்லை. ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

திரும்பும்போது கணவர் காரில் உட்கார்ந்தும் காரை எடுக்கவில்லை. அவள் பக்கம் திரும்பி, "எங்க வலிக்குது?" என்று கேட்டார். முட்டியின் உள்பக்கம் என்றாள். எப்போது அதிகம் என்றார். இறங்கும்போது என்றாள். ராத்திரி திரும்பிப் படுக்கும்போது என்றாள். நீங்கள் ஒன்றுமில்லை என்று சொன்னதை நினைக்கும்போது என்றாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அவளும் அழுதாள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிக்கு நாளையிலிருந்தே கூட்டிவருகிறேன், வீக்கம் வற்றும் வரை நீ படி ஏறக் கூடாது, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சரி என்று முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூடத்து நாற்காலியில் மாமியார் இல்லை.

படியின் பாதியில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி கொட்டிப் படியெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது. மேலே போகவும் முடியாமல், கீழே இறங்கவும் முடியாமல், மதியத்திலிருந்து அப்படியே.

"அத்தை!" என்று அவள் தன் காலையும் மறந்து ஏறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விழுந்துட்டீங்களா? என்ன ஆச்சு?"

மாமியார் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "முடியல. எனக்கும் முடியலம்மா. எத்தனையோ காலமா முடியல. அந்த அறை வாடையெல்லாம் ஒண்ணுமில்ல... என்னால ஏற முடியல, அதான்."

"அம்மா, இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் மகன் கீழே நின்று.

"உன் பெண்டாட்டி சொன்னாளே, என்ன பண்ணினே? அவளுக்கே ஒண்ணுமில்லைன்னுட்டே. நான் சொன்னா மட்டும்?" மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். "நீ வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டா அடுத்து நான்தானே ஏறணும்... என் குட்டு உடைஞ்சுடுமேன்னுதான் உன்னை நிக்கவிடாம விரட்டினேன். பாவி நான்... உன் வலி பொய்யில்லைன்னு எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே வலிதானே..."

இத்தனை வருஷ ஏச்சும் அவளுக்கு நெஞ்சில் வந்து நின்றது. கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் கஞ்சி காய்ந்த அந்தக் கைகள் கண்ணில் பட்டன. அவள் மாமியாரை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் படியிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கணவர் அவர்களைத் தாண்டி மேலே போனார். தகப்பனாரைக் குழந்தை மாதிரி இரு கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். இனி கட்டில் கீழேதான் என்றார். பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்ததும் மாமனார் நல்ல கையைத் தூக்கி மகன் தோளைத் தட்டினார். மகன் நின்றார்.

மாமனார் தன் மனைவியை உற்றுப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணி, சொல் வருவதற்குத் திணறியது.

"எம்மேல... கோவமா?"

அதையா இத்தனை நாளும் மாடியில் படுத்துக்கொண்டு நினைத்துக்கொண்டிருந்தார்!

மாமியார் அந்தக் கையைப் பற்றிக் கன்னத்தில் அழுத்திக்கொண்டார்.

"இல்லைங்க," என்றார். "முட்டி வலிங்க."