இரண்டு கட்டடம், ஒரே வைஃபை

ஞாயிறு, பிற்பகல் 3.05.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் லேன் ஒன்று. அங்கே ஆறு மாடி ஃபிளாட்டின் கூரையில் மண்டை பிளந்து கிடந்தான் நோபேட். முதலில் கண்டவள் சிவானி, லேனுக்கு அந்தப் பக்கம் உள்ள பெண்கள் விடுதியில், போர்டிங்கில், இருப்பவள். அவளுடைய ஒன்லைன் இன்டர்வியூவின் நடுவே, 2.50க்கு, வைஃபை செத்துப்போனது. அந்த வைஃபையைப் பொருத்திக் கொடுத்தவனைக் கிழிகிழியென்று கிழிக்கத்தான் படியேறி வந்தாள். வேறு யாரோ முந்திக்கொண்டிருந்தார்கள்.

3.40. இன்ஸ்பெக்டர் பாயிஸுக்கு ஆயுதத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. அன்டெனாவைத் தாங்கிய இரும்புக் குழாயையே பிடுங்கி அடித்திருந்தார்கள். ஓர் அடியல்ல, ஏழெட்டு. ஒரு முனையில் தலைமயிரும் இரத்தமும்; மறுமுனையில் அறுந்த வயரோடு அன்டெனா தொங்கியது.

கொட்டாஞ்சேனை நோபேட் வைஃபை போடும் வேலையில் சூரன். சாதாரண ரவுட்டரில் தனக்கு வேண்டிய மென்பொருளை ஏற்றி, ஃபிளாட்டுக்கு வரும் இணையத்தை அந்த அன்டெனா வழியே லேன் தாண்டிப் போர்டிங்குக்கு அனுப்பியிருந்தான். இரு கட்டடத்து ரவுட்டருக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட்.

படியில் விலங்கோடு உட்கார்ந்திருந்தான் அவனுடைய கூட்டாளி சஜீத். சட்டை முழுக்க இரத்தம். காலையில் இருவரும் சண்டை பிடித்ததை ஃபிளாட்டே கேட்டிருந்தது. ஐந்து மணிக்கு நீதவானிடம் கொண்டுபோக ஜீப் தயார். பாயிஸுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"ரெண்டரைக்குப் பிறகு எங்க இருந்தாய்?"

"வயர் வாங்கப் போனேன் சேர். திரும்பி வரக்குள்ள அந்தப் புள்ள கத்தினது. ஓடிவந்து இவனைத் தூக்கினேன். அந்த ரத்தம்தான்."

"காலையில என்ன சண்டை?"

சஜீத் நிமிரவில்லை. "போர்டிங் ரவுட்டர்ல யாருக்கும் தெரியாத கெமரா ஒண்டு கனெக்ட் ஆகியிருக்காம். பாத்ரூம் பக்கம் அதுட சிக்னல் கூடவாம். பொலிசுக்குப் போவம் எண்டான். போர்டிங் ஓனர் பெரிய மனுசன், மொதல்ல அவரிட்டக் கேட்டுப் பாருன்னு நான்தான் சொன்னேன்."

4.10. போர்டிங்கின் கீழ்த்தள அலுவலகம். உரிமையாளர் நாகேந்திரம் கசங்காத வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

"அந்த நேரம் எங்க இருந்தீங்க?"

"இந்த அறையிலதான் தம்பி. எங்கட பழைய மாணவர் சங்க சூம் மீட்டிங். லண்டன்காரர் ரெண்டரைக்குத் தொடங்கினவை, மூண்டு மணிக்குத்தான் விட்டவை. ஒரு செக்கன் கட் ஆகேல்லை."

"நீங்க என்ன கதைச்சீங்க?"

"மைக்கையும் கெமராவையும் மூடிப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனான். கதைக்கவெண்டே பிறந்த நாலு பேர் அங்க இருக்கினம்."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை விழுங்கினான்.

"போன் டேட்டாவிலயா?"

"இஞ்ச ஒரு கோடு சிக்னலும் வராது. அதுக்குத்தானே அவனைக்கொண்டு இதைப் போடுவிச்சனான். எல்லாம் வைஃபைதான்."

பாயிஸ் லேனுக்கு இறங்கிவந்து, சங்கத்தின் லண்டன் செயலாளரைப் போனில் அழைத்தார். "ஓம், அண்ணர் கடைசிவரை நிண்டவர். இடையில விழவே இல்லை."

4.35. எல்லோரும் கூரையில்.

"ஐயா," என்றார் பாயிஸ், "இந்தக் குழாய் நட்டுக்கொண்டு நின்றவரைக்கும்தான் உங்கட போர்டிங்குக்கு இன்டர்நெட். 2.50க்கு அது நோபேட்ட மண்டையில இறங்கிச்சு. சிவானிட இன்டர்வியூ செத்தது. அங்க இருந்த எல்லாருக்கும் செத்தது. உங்களுக்கு மட்டும் சாகல்ல."

நாகேந்திரத்தின் கை சட்டைப்பையில் இருந்த போனை மூடியது.

"ரெண்டு பக்கமும் ஒரே பெயர். நீங்க லேனைக் கடக்கக்குள்ள போனும் தானாகவே ஃபிளாட் ரவுட்டருக்கு மாறியிருக்கு. 2.41ல இருந்து 3.00 வரைக்கும் அதுல பதிஞ்சும் இருக்கு. பாத்ரூம் கெமராவைப் பற்றிக் கேட்டவனை, மீட்டிங் சட்டைப்பையில ஓடஓட அடிச்சிருக்கீங்க. போர்டிங்குல இருந்திருந்தா மீட்டிங்கில இருந்து விழுந்திருப்பீங்க. விழாததுதான் உங்களை விழுத்தினது."

நாகேந்திரம் பாய்ந்தார். தடயமாகப் பொதிந்து வைத்திருந்த குழாயை எட்டிப் பறித்து, பாயிஸின் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பாயிஸ் விழவில்லை. மறுகையால் விட்ட குத்தில் வெள்ளைச் சட்டை மூக்கு இரத்தத்தில் நனைந்தது.

சஜீத்தின் விலங்கைக் கழற்றி நாகேந்திரத்துக்கே பூட்டினார்கள். சஜீத் சிவந்திருந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கேட்டுப் பாருன்னு நான் சொல்லாட்டி, சேர்..."



எதிர்க் கட்டடத்தில் தடார் தடாரென்று சத்தம். கெமரா விஷயம் காதில் விழுந்த போர்டிங் பெண்கள் பொலிசுக்காகக் காத்திருக்கவில்லை. உலக்கையும் சுத்தியலும் எடுத்து, அதைத் தேடிக் குளியலறைக் கூரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.