செம்பில் ஒரு கொலைகாரன்

பொர்த்தோலோ தன் அச்சு இயந்திரத்தின் மேலேயே கவிழ்ந்து கிடந்தான்.

ரியால்ட்டோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பிய ஓர்சோலா, கணவன் வேலைக் களைப்பில் சாய்ந்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள்.

தோளைத் தொட்டாள்.

தலை தொங்கியது... பின்மண்டை பிளந்திருந்தது.

அவள் கத்தவில்லை. மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கணவனின் வலது கையைப் பார்த்தாள். விரல்கள் செதுக்குளியை இறுகப் பிடித்திருந்தன. அதன் முனையில் அச்சு மை. மைக்கு மேல் ரத்தம்!

"இது என் புருஷன் ரத்தம் இல்ல ஐயா," என்றாள், விசாரிக்க வந்த காவல் தலைவன் மரீனிடம். "அடிச்சவனைக் கீறியிருக்காரு. வெத்தோர் வீட்டுக்குப் போங்க."

வெத்தோர்!

1541-ல் வெனிஸ் நகரத்தில் அந்த வீட்டுக்குக் காவல்காரனை அனுப்பத் தனித் துணிச்சல் வேண்டும். வெத்தோர் ஓவியன். ஓவியத்தைவிட ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரன். கிழட்டுக் கர்தினாலைக் கட்டிளங்காளையாக வரைந்து, கேட்காமலே பரிசாக அனுப்புவான். கூடவே தேன் சொட்டும் ஒரு கடிதம். கர்தினால் உருகிப்போய்த் தன் தம்பியான கோமகனிடம் சிபாரிசு செய்வார். கோமகன் தன் சம்பந்தியிடம்... இப்படியே ஊருக்கு ஊர் அவனுக்கு ஒரு அரண்மனைக் கதவு திறந்திருந்தது.

அரண்மனைக்குள் நுழைய முடியாத சனங்களுக்கும் அவனைத் தெரிய வைத்தவன் பொர்த்தோலோ. வெத்தோரின் ஓவியங்களைச் செம்புத் தகட்டில் செதுக்கி, தாளில் அச்சடித்து, மூட்டை மூட்டையாக அனுப்பியவன். தாளின் அடியில் வெத்தோர் பெயர் மட்டுமே இருக்கும்.

போன வசந்தத்தில் பொர்த்தோலோ அதன் பக்கத்திலேயே தன் பெயரையும் பொடி எழுத்தில் செதுக்கினான்.

அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

கோமகன் அரண்மனையிலிருந்து முதல்முறையாக அவன் பெயருக்கே அழைப்பு வந்தது. நேற்று வெத்தோர் வந்து, கோமகன் தன் ஆள் என்றும், தன்னைத் தாண்டி அங்கே போனால் நடப்பதே வேறு என்றும் மிரட்டிவிட்டுப் போனதை ஓர்சோலா மரீனிடம் சொன்னாள்.

மரீன் போனபோது வெத்தோர் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தான். கன்னத்தில் புதுக் கீறல்.

"பூனை," என்றான், கேட்பதற்கு முன்பே.

"அச்சு மையைத் தொட்டுக்கிட்டுக் கீறுற பூனையா?"

கழுவியும் போகவில்லை. மை தோலுக்குள் இறங்கிக் கறுப்புக் கோடாக நின்றுவிட்டது.

வெத்தோர் விரலைத் துடைத்துக்கொண்டான். "தம்பி... உங்க மாமனார் படம் யார் வரைஞ்சது?"

"நீங்க."

"உங்க நீதிபதி படம்?"

மரீன் இடுப்பிலிருந்து விலங்கை அவிழ்த்தான்.

"அப்புறம் எதுக்கு வீணா நடந்து வந்தீங்க?"

மரீன் அவனைக் கைது செய்தான். ஆனால் விசாரணைக்கு முன்பே கர்தினாலிடமிருந்து ஆள் வந்தது. கோமகனிடமிருந்து வந்தது. நீதிபதி தன் வரவேற்பறைச் சுவரில் தொங்கிய தன் அழகான முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்...

வாய்த் தகராறில் பொர்த்தோலோ தவறி விழுந்து இறந்தான் என்று தீர்ப்பு.

மரீனை உப்பளத் தீவு ஒன்றுக்குத் தூக்கியடித்தார்கள்.

கிளம்பும் முன் அவன் ஓர்சோலாவைப் பார்க்கப் போனான். அவள் ஒரு செம்புத் தகட்டின் மேல் குனிந்திருந்தாள். செதுக்குவது அவளுக்குப் புதிதில்லை. அவள் அப்பாவும் அதே தொழில். பொர்த்தோலோவின் தகடுகளில் பாதி இவள் கைவேலை.

தகட்டில் வெத்தோரின் முகம். கன்னத்தில் அந்தக் கோடு. கீழே... 'பொர்த்தோலோவைக் கொன்றவன்.'

"உன்னையும் உள்ள தள்ளிடுவாங்கம்மா," என்றான் மரீன்.

"எந்த மூட்டை எந்த அரண்மனை ஊருக்குப் போகும்னு எனக்குத் தெரியும் ஐயா. கட்டினதே நான்தான். அவன் திறந்து வெச்ச கதவையெல்லாம் ஒண்ணொண்ணா சாத்தப் போறேன்."

அவள் அச்சடித்து முடிக்கும்வரை மரீன் பயணத்தைத் தள்ளிப்போட்டான். பிறகு மூட்டைகளைத் தன் படகிலேயே ஏற்றிக்கொண்டு போய், வெளியூர் போகும் வண்டிக்காரர்களிடம் சேர்த்தான்.

உப்பளத் தீவில் கொசுக்கடியோடு காத்திருந்தான். வெத்தோர் சீரழிந்தான் என்ற செய்திக்காக.

குளிர்காலம் வந்தது. செய்தி வரவில்லை. விடுப்பு கேட்டுக்கொண்டு அவனே வந்தான்.

வெத்தோர் வீட்டு வாசலில் ஒரே படகுக் கூட்டம்!

அந்தப் படம் எல்லா ஊரிலும் விற்றுத் தீர்ந்திருந்தது. கொலைகாரன் எதிரில் உட்கார்ந்து தங்கள் படத்தை வரைய வைக்கச் சீமாட்டிகள் வரிசையில் நின்றார்கள். கோமகன் தங்கச் சங்கிலி போட்டு விருந்து வைத்தாராம். முன்பு மூடியிருந்த கதவுகளும் திறந்துகொண்டனவாம்.

ஓர்சோலாவின் முகத்தைப் பார்க்கவே மரீனுக்குக் கூசியது.

"வெத்தோர் இங்க வந்தான் ஐயா," என்றாள் அவள். "இதுவரைக்கும் யாரும் தன்னை இவ்வளவு நல்லா செதுக்கினதில்லன்னான். புதுசா ஒரு படம் செதுக்கணுமாம். இந்தத் தடவை அடியில என் பேரையும் போட்டுக்கலாமாம்."

அப்படித் தன் பெயரைப் போட்டதற்காகத்தான் பொர்த்தோலோ செத்தான்.

"நீ என்னம்மா சொன்ன?"

"சரின்னுட்டேன்."

"ஓர்சோலா... அவனுக்குப் போயா?"

"நாளைக்குக் காலையில வர்றான். தனியா. கண்ணை மூடிக்கிட்டு அசையாம உட்காரணும்னு சொல்லியிருக்கேன்." அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "போன தடவை ஒரே ஒரு தப்புதான் பண்ணினேன் ஐயா... செம்புல செதுக்கிட்டேன்."